தங்கைமார் திருப்பிக் கேட்கட்டும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவர்களைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். இன்று தப்பினீர்கள். சென்ற மாதம் எங்கள் சங்கத்தில் சிலர் சேர்ந்து, மென்பொருள் நிறுவனங்களில் உள்ளகப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் எட்டுத் தங்கைமாருக்கு சூம் வழியாக ஒத்திகை நேர்முகத் தேர்வு வைத்தோம். கேள்வி கேட்டவர்கள் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் மென்பொருள் பொறியியலாளர்களாக இருக்கும் எங்கள் பழைய மாணவிகள். மருத்துவர்களாகிய எங்களுக்கு மணிக்கூடு பார்க்கும் வேலை.

உள்ளகப் பயிற்சி எங்களுக்கும் பழகிய சொல்தான். ஆனால் எம்.பி.பி.எஸ். முடித்த எங்களைச் சுகாதார அமைச்சு தகுதிப் பட்டியலின்படி வைத்தியசாலைகளுக்கு அனுப்பியது. ஒருவரும் எதிரே இருந்து, "உங்களை ஏன் எடுக்க வேண்டும்?" என்று கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளோ உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, பட்டம் முடிக்குமுன்பே, முன்பின் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கேள்வி இது: "1,000 மாணவிகளின் பெயர்கள் உள்ள இடாப்பில் ஒரு பெயரை எப்படித் தேடுவீர்கள்?" ஒரு தங்கை நான்கு நிமிடம் பேசவே இல்லை. மணிக்கூட்டைப் பார்த்த எங்களுக்கே வியர்த்தது. தெரியாது போலும் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

முடிந்தபின் கொப்பியைக் காட்டச் சொன்னோம். எல்லாம் எழுதியிருந்தாள். பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் நடுவில் திறந்து, எந்தப் பாதி என்று பார்த்து, மற்றப் பாதியை விட்டுவிடலாம். 10 தடவைக்குள் கிடைத்துவிடும். எங்கள் பாடசாலை இடாப்பைப் போலச் சேர்விலக்க வரிசையில் இருந்தால் அது சரிவராது. 1,000 பெயரையும் பார்க்க வேண்டி வரலாம். "எந்த வரிசை?" என்று அவள் கேட்க வேண்டும் என்றுதான் அவர்களும் காத்திருந்தார்கள். ஏன் பிள்ளை கேட்கவில்லை என்றோம்.

"பெரியாக்களைத் திருப்பிக் கேட்டால் மரியாதையில்லை எண்டு நினைச்சன் அக்கா."

இரண்டு நிறுவனங்கள் ஏற்கெனவே அவளை வேண்டாம் என்றிருக்கின்றன. அங்கும் இப்படித்தான் இருந்தாளாம்.

தோழியரே, இதை அவளுக்குப் பழக்கியது யார்? "வாயை மூடிக்கொண்டு செய்" என்று எங்களுக்கும் சொன்னார்கள். நாங்கள் மாணவத் தலைவிகளாகச் சின்னப் பிள்ளைகளுக்கும் சொன்னோம். விடுதியில் படித்தவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ஆனால் வாட்டில் ஒரு நோயாளியின் பொட்டாசியம் அளவைக் கேட்டால், வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும் பயிற்சி மருத்துவரிடம்தான் எங்களுக்குப் பயம். "தெரியாது, பார்த்துவிட்டு வருகிறேன்" என்பவரை நம்பி நாங்கள் வீட்டுக்குப் போகலாம். பேசாமல் நிற்பவரைப் பற்றி எங்களால் ஒன்றுமே சொல்ல முடியாது. தேர்வாளருக்கும் அதே சங்கடம்தான். விடையைவிட, பிள்ளை எப்படி யோசிக்கிறாள் என்பதைத்தான் அவர் பார்க்க வந்திருக்கிறார். அது வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

இன்னொன்று. குழுவாகச் செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் எட்டுப் பேரும் "நாங்கள் செய்தோம்" என்றார்கள். அதில் உங்கள் பங்கு எது என்று இரண்டு மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது. இந்த மேடையிலும் "நாங்கள், நாங்கள்" என்றே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சிரிக்கிறீர்கள். பாடசாலை தந்த பழக்கம், விடாது. ஆனால் நேர்முகத் தேர்வில் "இந்தப் பகுதியை நான் எழுதினேன், இந்தப் பிழையை நான் கண்டுபிடித்தேன்" என்று சொல்லுவது தற்பெருமை அல்ல, தங்கைமாரே. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

அந்தத் தங்கையுடன் பிறகு மூன்று இரவுகள் பழகினோம். மூன்றாம் இரவு ரொறன்ரோ அக்காவையே மடக்கி, "அக்கா, ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் யாரைக் காட்டுறது?" என்று கேட்டாள். அக்கா கைதட்டினார்.

வருகிற புதன்கிழமை அவளுக்கு மூன்றாவது நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. அடுத்த ஒத்திகைக்குப் பதினொரு பிள்ளைகள் பெயர் தந்திருக்கிறார்கள். கேள்வி கேட்க மூன்று அக்காமார்தான் இருக்கிறார்கள். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். மென்பொருள் தெரிந்தவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். தெரியாதவர்களும் எழுதலாம், மணிக்கூடு பார்க்கவும் ஆள் தேவை.