முழங்கால் வலி



இன்றைய பேச்சு முழங்கால் வலியைப் பற்றியது.

நாற்று நடுகிறவர்கள், தலையில் சுமை தூக்குகிறவர்கள், குந்தி உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள். ஐம்பது வயதை நெருங்கும்போது இவர்களில் பலருக்கு முழங்கால் வலிக்கிறது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் முதல் நாலு அடி வைக்க முடியவில்லை. "வாயு" என்கிறார்கள். உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் நிறுத்துகிறார்கள். வலி நிற்பதில்லை. பாவம், உருளைக்கிழங்கு என்ன செய்யும்?

காது மடலைத் தொட்டுப் பாருங்கள். அது எலும்பும் இல்லை, சதையும் இல்லை. அந்த இனத்தைச் சேர்ந்த குருத்தெலும்புதான் முழங்காலில் மெத்தை போல இருக்கிறது. அது நாளாக நாளாகத் தேய்கிறது. மூட்டு வலிக்கிறது, சில நேரம் வீங்குகிறது. இதுதான் மூட்டுத் தேய்மானம். பெண்களுக்கு இது அதிகம். தேய்ந்தது திரும்ப வளராது. எண்ணெய் தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

வலிக்கிறதே என்று சிலர் நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது தொடைச் சதை வற்றிப்போகிறது. முழங்காலைத் தாங்குவதே அந்தச் சதைதான். திண்ணையில் உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டுங்கள். ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, தினமும் செய்யுங்கள். சில வாரங்களில் பலன் தெரியும்.

பருமனானவர்கள் எடையில் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. அடுப்பை மேடையில் வையுங்கள். மணையை விட்டு முக்காலியில் உட்காருங்கள். கழிப்பறையில் குந்த முடியாதவர்களுக்கு, நடுவில் துளை போட்ட நாற்காலி போதும்.

கைத்தடி பிடிக்க வெட்கம் வேண்டாம். வலது கால் வலித்தால் தடியை இடது கையில் பிடியுங்கள். பலரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

இனி, பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று. கடையில் கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குகிறவர்கள் உண்டு. அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சந்தையில் பெயரில்லாமல் விற்கும் சில பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. சாப்பிட்டதும் வலி பறந்துவிடும். பிறகு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலம் இழக்கும். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் மட்டும் சாப்பிட வேண்டும்.

மூட்டு சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் மூட்டுகளெல்லாம் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதற்கும் கேட்காத வலிக்குச் செயற்கை மூட்டு வைக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு இதற்கு உச்ச விலை வைத்தது. அதிகம் பயன்படும் வகைக்கு, வரி நீங்கலாக 54,720 ரூபாய். ஆஸ்பத்திரி பில்லில் மூட்டின் விலையைத் தனியாக எழுத வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொன்னது. பணம் கட்டுமுன் அந்த வரியைத் தேடிப் படித்துப் பாருங்கள்.