திறமையா, சூதா?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடதாசி விளையாட்டு நம்மவர்க்குப் புதியதன்று. முந்நூற்று நாலு ஆடத் தெரியாத குடும்பம் நம்முள் அரிது. செத்த வீட்டில் இரவு விழித்திருப்போர் துரும்பு சொல்லி ஆடுவதை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. தோற்றவன் வீட்டில் மறுநாள் அடுப்பெரியாமற் போவதுமில்லை. ஆயினும் அதே கடதாசிக் கட்டுடன் காசு சேரும்போது, அது விளையாட்டா, சூதா என்னும் வினா எழுகின்றது. நீதிமன்றங்கள் பல இவ்வினாவை ஆராய்ந்துள்ளன. அவற்றின் முடிவுகளிற் சிலவற்றையும், அவற்றிலிருந்து நாம் பெறத்தக்க பாடத்தையும் இன்று சுருங்கக் கூற விரும்புகின்றேன்.

1963ஆம் ஆண்டு செக்கந்தராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் பொலிசார் புகுந்து, காசு வைத்து ரம்மி ஆடியோரைப் பிடித்தனர். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1967 நவம்பரில் நீதியரசர் ஹிதாயதுல்லா தீர்ப்புரைத்தார். விழுந்த கடதாசிகளை நினைவிற் கொள்ளவும், எதனை வைத்திருப்பது, எதனைக் கழிப்பது எனத் தெரியவும் திறமை வேண்டும். ஆதலால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே. மூன்று கடதாசி ஆட்டம்போல வெறும் அதிஷ்டத்தில் தங்கியதன்று என்றார். இப்பகுதியைப் பின்வந்தோர் பலரும் எடுத்துரைத்தனர். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. பந்தயம் வைத்தாடும் ஆட்டத்தால் மன்றத்தை நடத்துவோர் இலாபம் ஈட்டுகின்றனர் எனச் சான்று இருப்பின், ரம்மியாயினும் குற்றமாகலாம் என்பதே அது. இப்பகுதியைத்தான் பலர் வசதியாக மறந்துவிட்டனர்.

போக்கர் ஆட்டத்தில் இச்சிக்கல் இன்னும் பெரிது. கையில் நல்ல கடதாசி இல்லாதவனும் துணிந்து பந்தயத்தை உயர்த்தி எதிரியை விலகச் செய்யலாம். மனிதர் முகத்தையும் மனத்தையும் அளக்கும் இவ்வாற்றலைத் திறமை என்பர் ஒரு சாரார். கடதாசி எவ்வாறு விழுமென்பது எவர் கையிலும் இல்லையே என்பர் மறு சாரார். 2013இல் கர்நாடக உயர் நீதிமன்றம், திறமை ஆட்டமாக ஆடும் போக்கருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என்றது. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றமோ அது சூதே என்றது. கடல் கடந்து நியூயோர்க்கிலும் இவ்வழக்கு நடந்தது. அங்கே ஒருவர், பந்தயப் பணத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடுத்துக்கொண்டு போக்கர் ஆட்டம் நடத்தினார். 2012இல் நீதிபதி வைன்ஸ்டைன், போக்கரில் திறமையே மேலோங்குகின்றது எனக் கூறி அவரை விடுவித்தார். அடுத்த ஆண்டே மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சூதாட்டத் தொழில் நடத்துவதைத் தடுக்கும் அச்சட்டத்தின்கீழ், திறமையா அதிஷ்டமா என்று அளந்து பார்க்கத் தேவையில்லை என்றது.

தமிழ்நாட்டு அரசு இணையவழி ரம்மியையும் போக்கரையும் தடுக்க 2021இல் இயற்றிய சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கியது. பணத்தை இழந்தோர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தொடர்ந்தன. நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் புதிய சட்டம் பிறந்தது. 2023 நவம்பரில் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. எனினும் ரம்மியையும் போக்கரையும் அதிஷ்ட ஆட்டங்களின் பட்டியலிலிருந்து விலக்கியது. பின்னர், நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை பணம் வைத்து ஆடலாகாது என்னும் விதியை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையாயினும் அதிஷ்டமாயினும், இணையவழிப் பண ஆட்டம் அனைத்தையும் தடைசெய்தது. அதனை எதிர்த்தும் வழக்குகள் எழுந்தன.

நம் நாட்டு நிலை யாது? 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம், பொது வழி, மதுச்சாலை, சூதுக்கென நடத்தப்படும் இடம் ஆகியவற்றில் பந்தயம் வைத்தாடுவதையும், சேவற் சண்டையையும் குற்றமாக்கியது. அது பெரிதும் ஆடும் இடத்தையே நோக்கியது. இன்றோ அவ்விடம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. இரத்மலானையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ்ஸிற் செல்லும் நேரத்திற்குள் ஒரு மாதச் சம்பளத்தைக் கைத்தொலைபேசியிலேயே தோற்றுவிடலாம். 2025 ஆகஸ்டில் நம் பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியமைக்கு இம்மாற்றமும் ஒரு காரணமாகும்.

அன்பர்களே! அத்தினாபுரத்து மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். பணயம் துரியோதனனுடையது, காய் உருட்டியவன் சகுனி. சகுனியிடம் திறமை இல்லையென்று எவர் கூறுவர்? தருமருக்கோ ஆட்டத்தில் ஆசை இருந்தது, திறமை இருக்கவில்லை. திறமை ஆட்டம் என்ற பெயர் தோற்பவனைக் காப்பதில்லை. வல்லவனிடம் வல்லமையற்றவன் விரைவாகத் தோற்கின்றான் என்பதே அதன் பொருள். இருவரில் எவர் வென்றாலும், ஆட்டத்தை நடத்துபவன் தன் பங்கை எடுத்துக்கொள்கின்றான்.

ஆதலால் இளைஞர்களே, சட்டம் எவ்வாறு தீர்ப்பினும், ஆடுமுன் உங்களையே மூன்று கேள்விகள் கேளுங்கள். காசை எடுத்துவிட்டால் இவ்வாட்டம் இனிக்குமா? ஒவ்வோர் ஆட்டத்திலும் பங்கெடுப்பவன் யார்? தோற்ற தொகையை வீட்டில் வாய்திறந்து சொல்ல முடியுமா? இவற்றுக்கு நேரிய விடை கூற இயலாவிடில் அது சூதே.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தோற்றவன் அதனை மீட்கவே மீண்டும் ஆடுகின்றான். கடனை மறைக்கவே மேலும் கடன் படுகின்றான். அவன் உங்களிடம் வந்து உண்மையைச் சொல்லும் நாளில் ஏசித் துரத்தாதீர்கள். இருந்து கேளுங்கள், கணக்கைக் கூடவிருந்து பாருங்கள். நீதிமன்றம் ஆட்டத்திற்குப் பெயர் வைக்கலாம். பிள்ளையை மீட்பது வீட்டின் கடமை.