சித்திரப் படங்கள் காட்டும் உள்ள வளர்ச்சி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



குழந்தையின் உடல் வளர்வதை யாவரும் காண்கிறோம். உள்ளம் வளர்வதைக் கூர்ந்து நோக்கி வகுத்துரைத்தவர் எரிக் எரிக்சன் (1902–1994). ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவர், பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். 1950-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார்.

ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு உணர்வுகள் போராடுகின்றன என்பது அவர் கொள்கை. கைக்குழந்தைக்கு நம்பிக்கையும் அவநம்பிக்கையும். நடைபயிலும் பருவத்தில் தன்னுரிமையும் நாணமும். விளையாட்டுப் பருவத்தில் முன்முயற்சியும் குற்றவுணர்வும். பள்ளிப் பருவத்தில் செயலூக்கமும் தாழ்வுணர்ச்சியும். குமரப் பருவத்தில் 'நான் யார்' என்ற தெளிவும் குழப்பமும். இளமையில் நெருக்கமும் தனிமையும். நடுவயதில் பிறரை வளர்த்தலும் தேக்கமும். முதுமையில் மனநிறைவும் விரக்தியும்.

இவற்றை நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் சித்திரப் படங்களிலேயே காணலாம். 'ஃபைண்டிங் நீமோ' (2003) படத்தில், சிறுத்த துடுப்புடன் பிறந்த மீன்குஞ்சை, "உன்னால் இயலாது" என்று தந்தை தடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த அன்பே குஞ்சின் தன்னுரிமைக்குத் தடையாகிறது. முடிவில், வலைக்குள் சென்று பிற மீன்களை மீட்கக் குஞ்சு விரும்பும்போது, தந்தை அஞ்சியவாறே அனுப்பிவைக்கிறது.

'தி லயன் கிங்' (1994) படத்தில், தந்தையின் சாவுக்கு நீயே காரணம் என்று சிங்கக்குட்டியின் மீது பழி சுமத்துகிறான் அதன் சிற்றப்பன். கொன்றவன் அவனே! செய்யாத குற்றத்தைச் சுமந்து ஊரைவிட்டு ஓடிய குட்டி, வளர்ந்து, தான் யார் என்று தெளிந்த பின்னரே திரும்பிவந்து உண்மையைக் கேட்கிறது.

நாம் மிகுதியும் சிந்திக்க வேண்டியது பள்ளிப் பருவத்தையே. 1941-இல் வெளிவந்த 'டம்போ' படத்தின் யானைக்கன்றுக்குத் தாய் இட்ட பெயர் ஜம்போ ஜூனியர். பெரிய காதுகளைக் கண்டு மற்ற யானைகள் சூட்டிய ஏளனப் பெயரே டம்போ. அந்தக் காதுகளை விரித்துப் பறக்க முடியும் என்று அறிந்த பின்னும், ஒரு மந்திர இறகு கையிலிருந்தால்தான் பறக்கலாம் என்று கன்று நம்புகிறது. இறகு நழுவிய பிறகே, ஆற்றல் தன்னுடையது என்று உணர்கிறது. இதே படம் காகங்களைக் கறுப்பின மக்களின் கேலி உருவங்களாகத் தீட்டியிருப்பது கண்டிக்கத்தக்கது. ஏளனத்தை எதிர்க்கும் கதைக்குள்ளும் ஏளனம் புகுந்துவிடுகிறது!

கற்கும் ஆர்வத்தைக் கொண்டு மதிக்கப்படாமல், தோலின் நிறத்தையும் பெற்றோரின் பின்னணியையும் கொண்டே தான் மதிக்கப்படுவதாக உணரும் பிள்ளையின் செயலூக்கம் குன்றும் என்று எரிக்சன் எச்சரித்தார். தோழர்களே, தாழ்வுணர்ச்சி பிறவியில் வருவதன்று. பார்ப்பவர் கண்ணிலிருந்தும் அழைப்பவர் நாவிலிருந்தும் வருவது. சாதியைச் சொல்லி வகுப்பில் தனித்து அமர்த்தப்பட்ட பிள்ளைகளின் வரலாற்றை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதுமைக்கு 'அப்' (2009) படத்தைக் காணுங்கள். மனைவியை இழந்து கதவடைத்து வாழ்ந்த 78 வயதுக் கிழவர், தந்தை வராத விழாமேடையில் ஒரு சிறுவனுக்குத் துணைநின்று, மனைவி தந்த பதக்கத்தை அவன் மார்பில் அணிவிக்கிறார். பிறர் பிள்ளையை வளர்ப்பதில் அவர் வாழ்வு நிறைவு பெறுகிறது.

ஒரு பருவத்தில் இழந்ததைப் பின்னர் மீட்கவும் இயலும். ஆகவே, பெரியோர்களே, ஒரு பிள்ளையின் படிப்புக்கேனும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். இளைஞர்களே, உங்கள் தம்பி தங்கையரை அவர்கள் பெயர் சொல்லி அழையுங்கள். ஒரு வேலையை அவர்களிடம் ஒப்படைத்து, முடிக்கும்வரை உடனிருங்கள். கால் நூற்றாண்டாக நம் கழகம் ஆற்றிவரும் கல்விப் பணியின் உட்பொருள் இதுவே.