ஒரு பாட்டம் மழை

'ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்தது' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மழைநீர் வடிகால் கட்டுகிறவனுக்கு இந்தப் 'பாட்டம்' மிக முக்கியம்.

செய்தியில் நாம் கேட்பது நாள் கணக்கு: காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை பெய்தது. தெருவோரக் கால்வாய்க்கு அது போதாது. 4 செ.மீ. மழை நாள் முழுக்கத் தூறினால் தெரு நனைந்து காயும். அரை மணியில் கொட்டினால் தண்ணீர் வாசற்படி ஏறும்.

இந்த வித்தியாசத்தைக் காட்டுவது, தானே எழுதும் மழைமானி. பார்க்க எவ்வளவு அழகு தெரியுமா? கடிகாரம்போல் மெல்லச் சுழலும் உருளை, மேலே கட்டம் போட்ட தாள், அதைத் தொட்டபடி ஒரு மைமுள். மழையில்லாத நேரம் முள் கிடைக்கோடு இழுக்கும். தூறலுக்குச் சாய்ந்து ஏறும். கொட்டினால் செங்குத்தாக எழும். 10 மி.மீ. சேர்ந்ததும் உள்ளிருக்கும் நீர் தானே வடியும். முள் சட்டென்று அடியில் விழுந்து மறுபடி ஏறும்.

சென்னையில் நாங்கள் கட்டிய ஒரு கால்வாய் முதல் பருவத்திலேயே வழிந்தது. அன்றைய மழை 4 செ.மீ.தான். அடைப்பு தேடினோம், இல்லை. திண்ணையில் இருந்த பாட்டி சொன்னார்: "எல்லாம் ஒரே பாட்டத்துல ஊத்துச்சு தம்பி, உலை கொதிக்கிறதுக்குள்ள." பக்கத்து மழைமானியின் தாளை வாங்கி விரித்தேன். அரை மணிக்குள் முள் மூன்று முறை விழுந்திருந்தது. 3 செ.மீ.! மணிக்கு 6 செ.மீ. வேகம். நாங்கள் கட்டியதோ மணிக்கு 3 செ.மீ. வேகத்துக்கு. தெருவின் கடைக்கோடித் தண்ணீர் கால்வாய் முனைக்கு வர எத்தனை நிமிடமோ, அத்தனை நிமிடம் நீடிக்கும் கடும் பாட்டத்தின் வேகம்தான் கால்வாயின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்த பிறகு இதை நான் மறந்ததில்லை.

அதுவும் அந்தந்தப் பகுதியின் மழையாக இருக்கவேண்டும், நேயர்களே. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ.; தாம்பரத்தில் 49. ஓரிடத்து மழையை வைத்து இன்னோரிடத்துக் கால்வாயை எப்படிக் கட்டுவது?

சாய்மானம், குழாய் அளவு, தண்ணீர் போய்ச் சேரும் ஆறு எல்லாம் சொல்ல இன்று நேரமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த மழைக்கு, நேர்ச்சுவர் உள்ள பாத்திரம் ஒன்றை மொட்டைமாடியில் வையுங்கள். மழை பிடித்த நேரம், விட்ட நேரம், சேர்ந்த உயரம் மூன்றையும் குறித்து வையுங்கள். பாட்டிக்குத் தெரிந்த மழை, கால்வாய் கட்டுகிறவர்களின் கணக்கிலும் ஏறட்டும்.