சீட் கிடைத்த மறுநாள்

பிள்ளைக்கு டாக்டர் சீட் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று ஊரில் சொல்வார்கள். பாதிக் கிணறு தாண்டியவர் எங்கே போய் விழுவார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 2020ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் அது கண்ணெதிரே நடந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அந்த ஆண்டுதான் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் கொடுக்கலாம் என்றது. அரசு 7.5 என்று முடிவு செய்தது. ஆளுநரின் ஒப்புதலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்து, அக்டோபர் கடைசியில் அரசாணை வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு ஒற்றை இலக்கத்தில் கிடந்த எண்ணிக்கை, எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்களாக உயர்ந்தது. நவம்பர் 18 அன்று சென்னையில் கலந்தாய்வு தொடங்கியது. அங்கே தனியார் கல்லூரியில் இடம் வந்த சில பிள்ளைகள், கட்டப் பணமில்லை என்று இடத்தை விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினார்கள். சில நாட்களிலேயே கட்டணத்தை அரசு ஏற்கும், அதற்குச் சுழல் நிதி உருவாக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆனால் அதற்குள் எழுந்து போனவர்களில் சிலர், போன இடத்தை மீட்க நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று.

இந்த நிகழ்ச்சியைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். உதவி வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, வந்தது. ஆனால் பணம் கட்ட வேண்டிய நாளுக்குப் பிறகு வந்தது. மருத்துவப் படிப்பில் ஏழைக் குடும்பத்தைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் தொகையைவிடத் தேதிதான் என்பது என் வாதம். அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 20,000 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜிக்குக் கட்டுவதைவிடக் குறைவு என்றுகூடச் சொல்லலாம். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு நாலரை லட்சத்தை ஒட்டி வரும். நிர்வாக ஒதுக்கீடு பத்து லட்சத்தைத் தாண்டும், அந்த உலகம் வேறு, அதை இன்று விட்டுவிடுவோம். 20,000 ரூபாய் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு முடியாத தொகை அன்று. எப்போது கேட்கிறார்கள் என்பதில்தான் சங்கடம். உத்திரமேரூர் வட்டத்தில் பெருநகர் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற வீட்டை எடுத்துக்கொள்வோம். கலந்தாய்வு நடப்பது பொதுவாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். சொர்ணவாரி அறுத்த பணம் கைக்கு வந்து, வந்த வேகத்தில் சம்பா நடவுக்கு நாற்று, உரம், டிராக்டர், ஆள் கூலி என்று மண்ணுக்குள் இறங்கும் நேரம் அது. அந்த வீட்டில் தை மாதம் 30,000 ரூபாய் இருக்கும். ஆவணியில் 3,000 இருக்காது. ஒதுக்கீட்டு ஆணையில் சேர வேண்டிய கடைசி நாள் என்று அச்சடித்திருக்கும் தேதிக்கு அறுவடைக் காலம் தெரியாது.

“அதுதான் 7.5 சதவீதத்தில் வருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுகிறதே, இன்னும் என்ன புலம்பல்?” என்று ஒரு நேயர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஒதுக்கீடு மகத்தான ஏற்பாடு, 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கிராமங்களில் என்ன செய்கிறார்கள்? இங்கிலீஷ் வரட்டுமே என்று ஆறாவதில் வேன் வருகிற தனியார் பள்ளியில் போடுவது, கட்ட முடியாமல் ஒன்பதாவதில் திரும்ப அரசுப் பள்ளிக்குக் கொண்டுவருவது. அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டாவதில் மருத்துவ ஆசை வந்தால், இடையில் போன மூன்று ஆண்டு குறுக்கே நிற்கும். ஆக, மருத்துவப் படிப்பின் முதல் செலவுக் கணக்கைக் குடும்பம் போடுவது பிள்ளைக்குப் பதினோரு வயதாகும்போது, அதுவும் அப்படி ஒரு கணக்குப் போடுகிறோம் என்று தெரியாமலேயே. தேதி என்று சொன்னேனே, அது இவ்வளவு முன்னால் தொடங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. உத்திரமேரூர் இருக்கிற நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி நம்முடையதாகத்தான் இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கல்லூரி இருந்த இடத்திலேயே இருந்தது, மாவட்டம்தான் நகர்ந்துபோயிற்று. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோதும் இந்த மாவட்டத்துக்கு ஒன்று வரவில்லை. எனவே பெருநகர்ப் பிள்ளை எந்த அரசுக் கல்லூரியில் சேர்ந்தாலும் விடுதிதான். விடுதி என்றால் மெஸ் அட்வான்ஸ், பாய் தலையணை, பூட்டுச்சாவி, பக்கெட், மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போக பஸ் காசு. ராமநாதபுரத்திலோ நீலகிரியிலோ இடம் வந்தால் அந்த பஸ் காசே ஒரு பெருந்தொகை. இவற்றில் பாதிக்கு எந்தத் திட்டத்திலும் ரசீது கேட்க மாட்டார்கள், பணம் கொடுக்கவும் மாட்டார்கள். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2024 ஆகஸ்டிலிருந்து மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகை. நல்ல உதவி, சந்தேகமில்லை. ஆனால் அதுவும் கல்லூரி விவரங்களைச் சரிபார்த்து அனுப்பிய பிறகு வங்கியில் விழுவது. முதல் மாதச் செலவை நம் கையிலிருந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலைத் தேர்தலுக்கு விதி எழுதிய சோழர் காலத்துப் பெரியவர்கள், கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் வரக்கூடாது என்றார்கள். எந்தெந்தச் செலவைக் கணக்கில் எழுத வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டிருக்கலாம்.

சரி, அந்த முதல் மூன்று மாதத்தில் என்னதான் வாங்க வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன், கொஞ்சம் தங்கிவிட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உறவினர்கள் முதலில் வாங்கிக் கொடுப்பது ஸ்டெதாஸ்கோப். பெயர் பெற்ற வெளிநாட்டு பிராண்டு என்றால் பல ஆயிரம். முதலாண்டில் அதற்குப் பெரிய வேலை இல்லை, வார்டுக்குப் போய்த் தொடர்ந்து நோயாளியைப் பார்க்கத் தொடங்கும்போது வாங்கினால் போதும். அதுவரை சாதாரண உள்நாட்டுத் தயாரிப்பு தாராளம். முதலாண்டில் படிப்பது உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்று. அதில் உண்மையில் கையை விட்டு அகலாத பொருள் எலும்பு செட். மனித உடலின் 206 எலும்புகளும் அதில் இருக்காது, பாதி செட்தான்: ஒரு மண்டையோடு, முதுகெலும்புகள், ஒரு பக்கத்துக் கை கால் எலும்புகள், இடுப்பெலும்பு, தோள்பட்டை, சில விலா எலும்புகள், கம்பியில் கோத்த ஒரு கை, ஒரு பாதம். மர அலமாரியிலோ அட்டைப் பெட்டியிலோ, சில சமயம் பழைய அரிசிப் பையிலோ அது சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வரும். அந்தத் தொடை எலும்பைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பிலும் நீலத்திலும் கோடுகள் தெரியும். தசை தொடங்குகிற இடத்துக்குச் சிவப்பு, போய் ஒட்டுகிற இடத்துக்கு நீலம் என்று முன்பு படித்தவர் தீட்டி வைத்தது. மங்கிய கோட்டின் மேல் அடுத்தவர் மறுபடி தீட்டியிருப்பார். காரை எலும்பில் ஒரு முனை தட்டை, மறுமுனை உருண்டை. வைவாவில் அதை உள்ளங்கையில் வைத்து, “வலதா, இடதா? எப்படிச் சொல்கிறாய்?” என்று கேட்பார்கள். அதைப் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ய முடியாது, தன் தோளிலேயே வைத்து வைத்துப் பார்த்துப் பழக வேண்டும். கருவில் முதலில் எலும்பாக உறையத் தொடங்குவது அந்தக் காரை எலும்புதான் என்பது இன்னொரு அழகு.

இந்த எலும்பு செட்டுக்கும் என் வாதத்துக்கும் தொடர்பு உண்டு. கடையில் செயற்கைப் பொருளில் செய்த புதிய செட் வாங்கினால் சில ஆயிரம் ஆகும். நிஜ எலும்பு செட் கைமாறும்போது என்ன விலை சொல்வார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி, சீனியருக்குச் சீனியர் மாறும். இந்தியாவிலிருந்து மனித எலும்புக்கூடு ஏற்றுமதியை 1985இல் அரசு தடை செய்தது என்பதை நினைத்தால், இது எத்தனை கூச்சத்தோடு கையாள வேண்டிய பண்டம் என்பதும் புரியும். அது ஒருவருடைய உடம்பு. சேர்ந்த முதல் வாரமே பதற்றத்தில் கடன் வாங்கிப் புதிது வாங்குகிறவர் முழு விலை கொடுக்கிறார். இரண்டு வாரம் பொறுத்து, தேர்வு முடித்த சீனியரிடம் பேசுகிறவர் அதில் ஒரு பங்கு கொடுக்கிறார், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் இன்னும் குறைவு. பொருள் ஒன்றுதான், நாள்தான் விலையை மாற்றுகிறது. புத்தகமும் அப்படியே. சௌராசியாவின் உடற்கூற்று நூல் பல பாகம், உடலியங்கியலுக்கு கைட்டன், நம் செம்புலிங்கம் தம்பதியர் எழுதிய எளிய நூல், உயிர்வேதியியலுக்கு வாசுதேவனோ சத்தியநாராயணாவோ. எல்லாவற்றையும் முதல் நாளே வாங்குகிறவர்கள் ஆண்டு இறுதியில் பாதியைப் பிரிக்காமலே வைத்திருப்பார்கள். நூலகம் இருக்கிறது, பழைய பதிப்பு இருக்கிறது. எலும்பு எங்கே இருக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறிவிடாது!

பணம் கொடுத்து வாங்க முடியாத தயாரிப்பு ஒன்று உண்டு, அது ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு உயிரியல் தெரியும், ஆங்கிலப் பெயரும் நீளமான வாக்கியமும்தான் முதல் இரண்டு மாதம் மிரட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அந்த வழி தொடர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்க ஆசைதான், நேரமில்லை. நடைமுறைக்கு வருவோம். நீட் எழுதி முடித்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள்வரை சில மாதம் கிடைக்கிறது. மொத்தப் படிப்பிலேயே செலவில்லாத காலம் அது ஒன்றுதான். ஒரு பழைய உடற்கூற்றுப் புத்தகத்தை யாரிடமாவது கேட்டு வாங்கி, தினம் இரண்டு பக்கம் வாய்விட்டு வாசித்தால் போதும். பாடம் புரிய வேண்டியதில்லை, சொற்கள் காதுக்குப் பழகினால் சரி.

இப்போது பலமான ஆட்சேபம். “கடன் வாங்கிப் படிக்கட்டுமே, நாளைக்கு டாக்டர் ஆனால் ஒரே வருஷத்தில் அடைத்துவிடலாம்” என்பது. வங்கிக் கல்விக் கடன் நல்ல வழிதான். நான்கு லட்சம் வரை பிணை கேட்பதில்லை, படிப்புக் காலத்தில் தவணையும் இல்லை. ஆனால் அடைக்கத் தொடங்கும் தேதி எது? நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. அதற்குப் பிறகு மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் காலம். உடன் படித்த தோழன் கலைக் கல்லூரி முடித்து ஒரகடம் கம்பெனிக்கு வேலைக்குப் போய் மூன்று சம்பள உயர்வு பார்த்திருப்பான். வங்கிக் கடன் அந்தக் காலத்தைத் தாங்கும், நகைக் கடனும் கைமாற்றுக் கடனும் தாங்காது. அதுமட்டுமல்ல, குடும்பம் கல்லூரி வாசலுக்கு வரும்போதே பெரும்பாலும் பை காலியாகத்தான் வருகிறது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கை இதைச் சொல்லும். 2016-17இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை தேர்வு எழுதி வந்தவர்கள் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். அதாவது பத்தில் ஏழு பேர் வீட்டில், சேர்க்கைக்கு முன்பே இன்னும் ஒரு வருடக் கோச்சிங், இன்னும் ஒரு வருடச் சாப்பாடு, இன்னும் ஒரு வருடம் வருமானமில்லாத வயதுவந்த பிள்ளை. இதையெல்லாம் சொல்லி யாரையும் பயமுறுத்த வரவில்லை. செலவு எந்த மாதம் வரும் என்று தெரிந்த குடும்பம் சீட்டுப் பிடிக்கலாம், மகளிர் குழுவில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், ஒரு மூட்டை நெல்லை விற்காமல் வைத்திருக்கலாம். தெரியாத குடும்பம் அன்று கிடைக்கிற வட்டிக்கு வாங்கும்.

கடிகாரம் என்னைப் பார்க்கிறது, சான்றிதழ்களை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் முதல் ஆள் என்றால் முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகப் போகும். கட்டணம் 60 ரூபாய்தான், ஆனால் நாட்கள் பிடிக்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால் என்று இருந்தால் இன்றைக்கே திருத்துங்கள், கலந்தாய்வு வாரத்தில் திருத்த முடியாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்குப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சான்று, இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டிடமும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார் இணைத்து. ஊராட்சித் தலைவர்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு விண்ணப்பம்: கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்குச் சால்வை போடுவதற்குப் பதில், ஒதுக்கீட்டு ஆணை வந்த அன்றே 15,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு அடுத்த பிள்ளைக்கு அதே பணம் உதவும். முதலாண்டு தேர்வு முடித்த சீனியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், எலும்புப் பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே ஒரு பெயர் எழுதி வையுங்கள்.