பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்



சுந்தரர் கல்யாணக் கதை உங்களுக்குத் தெரியும். மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். கையில் ஆளோலை. "உன் பாட்டன் எழுதிக் கொடுத்தது, நீ எனக்கு அடிமை" என்கிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவதுண்டா என்று கேட்டார்கள். ஓலையை வாங்கிப் பார்த்தார்கள், பாட்டன் கையெழுத்தை ஒத்துப் பார்த்தார்கள். மனிதன் மனிதனுக்கு அடிமையாவதுண்டா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை! கிழவராக வந்த சிவன் ஆட்கொண்ட அருளை நினைத்து நாம் கண் கலங்குகிறோம். எனக்கோ அந்த ஓலை உறுத்துகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இந்தக் கதையைப் பாடும்போது, கேட்டவர்களுக்கு ஆளை எழுதிக் கொடுக்கும் ஓலை என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஓலைக்குள் அடங்கிய மக்களை எண்ணிப் பார்த்தவர் தர்மா குமார். 1928இல் பிறந்தவர். தமிழ்க் குடும்பம், தந்தை வேதியியல் அறிஞர் கி. வெங்கடராமன். கேம்பிரிட்ஜில் படித்தார், ரிசர்வ் வங்கியில் வேலை பார்த்தார், பிறகு டெல்லி பொருளியல் பள்ளியில் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். 2001இல் மறைந்தார். அவருடைய முதல் புத்தகம் 1965இல் வெளிவந்த 'தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்'. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்து விவசாயக் கூலிகளின் வரலாறு அது.

அன்றைக்குப் படித்தவர்கள் நம்பியது என்ன? வெள்ளைக்காரன் வந்தான், தறி நின்றது, நிலம் கைமாறியது, அதனால்தான் நிலமற்ற கூலிகள் என்ற கூட்டமே உண்டாயிற்று என்பது. 1952இல் சுரேந்திர படேல் இதை விரிவாகவே எழுதினார். விடுதலை பெற்ற புதிதில் கேட்க இதமான பதில் அது.

தர்மா குமார் கேட்டது நேரான கேள்வி: 1800இல் இங்கே நிலமற்றவர்கள் எத்தனை பேர்? எப்படிச் சொல்வது? மாகாணம் முழுவதற்குமான முறையான குடிக்கணக்கே 1871இல்தான். அவர் ஒரு வழி கண்டார். பிறப்பாலேயே வயல் வேலைக்கு என்று ஒதுக்கப்பட்ட சாதிகள், பிற்காலக் கணக்குகளில் மக்கள்தொகையில் எத்தனை பங்கு என்று பார்த்தார். அந்தப் பங்கைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். கலெக்டர்கள் வருவாய் வாரியத்துக்கு எழுதிய கடிதங்களோடு ஒப்பிட்டார். கிடைத்த விடை: நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மொத்த மக்களில் 10 முதல் 15 சதவீதம் பேர் நிலமற்ற வேளாண் கூலிகள். கும்பினி ஆட்சி வேர்விடும் முன்பே அவர்கள் இருந்தார்கள். பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், சிலர் நிலமில்லாமலும்.

சாதியையும் தொழிலையும் ஒன்றாக வைத்து எண்ணலாமா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பள்ளரும் பறையரும் எல்லா ஊரிலும் நிலமற்றவர்களாகவே இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளையனுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்றும் சொன்னார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். நாம் செய்ததை நம் கணக்கில் எழுதுவது அவனுக்கு வக்காலத்தாகுமா? அவன் கணக்கும் தனியே இருக்கிறது. மிராசுதாரர் கட்டும் கிஸ்தி தடைபடுமே என்று அடிமை முறையில் கைவைக்கத் தயங்கியவர்கள் அவனுடைய அதிகாரிகள்தானே!

இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மரக்கால் தெரியும். குத்தகை நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி நெல்லை அளக்க அதைவிடச் சிறிய ஒரு மரக்கால். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கையை உள்ளே விட்டால்தான் அடி மேடேறியிருப்பது தெரியும். முத்திரை மரக்காலில் அள என்று கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் போராடியது இதற்காகத்தான். தர்மா குமார் அரசாங்க ஆவணக் கட்டுகளுக்குள் அப்படித்தான் கையை விட்டுப் பார்த்தார். இங்கிருந்து கண்டிக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்களையும் அந்தக் கட்டுகளில்தான் தேடினார்.

1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அடிமை மீது எஜமானனுக்குள்ள உரிமையை இனி எந்தக் கோர்ட்டும் ஏற்காது என்றது. சேரிக்குப் போய், "நீ விடுதலை" என்று யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த அடிமை எங்கே போவான்? அவனுக்கு உழ நிலமில்லை. குடிசை நின்ற மண்ணும் மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால் அன்றிரவே கூரையைப் பிரித்துக்கொண்டு வெளியேற வேண்டும். அந்தக் குடியிருப்பு மனையை அதில் வாழ்பவனுக்கே சொந்தமாக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் 1971இல் வந்தது. ஐந்தாம் சட்டத்துக்குப் பிறகு 128 ஆண்டுகள்.