ஆறாத புண்ணும் புதிய மறுவும்

புற்றுநோய் என்றதும் வயிறு, தொண்டை, மார்பு ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, உடல் முழுவதையும் போர்த்தியிருக்கும் தோல் நினைவுக்கு வருவதில்லை. தோலிலும் புற்று உண்டாகும். அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தோன்றுவதால் எளிதில் கண்டறியத் தக்கது. அங்ஙனமிருந்தும் நம்மவரிற் பலர் காலங்கடந்தே மருத்துவரை நாடுகின்றனர். இதற்குக் காரணம் யாது?

இது வெள்ளையர்க்கு மட்டும் வரும் வியாதி என்னும் எண்ணமே முதற்காரணம். அதிற் பாதி உண்மை உண்டு. நம் தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்னும் நிறப்பொருள், சூரியனின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆஸ்திரேலிய வெள்ளையரிடையே இந்நோய் மிகுந்திருக்க, நம்மிடையே குறைந்திருப்பது இதனாலேயாம். ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. வெயில் அதிகம் படாத இடங்களிலும் இந்நோய் நம்மவர்க்கு வருகிறது.

இதற்குக் காஷ்மீரத்தில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள மக்கள் குளிர் தாங்காமல், காங்கிரி என்னும் நெருப்புச் சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொள்வர். ஆண்டுக்கணக்கில் சூடு படும் தொடையிலும் அடிவயிற்றிலும் சிலருக்குப் புற்று உண்டாகிறது. எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866-லேயே இதனை எழுதிவைத்தார். அங்கே காரணம் வெயிலன்று, ஓயாத சூடு.

இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரையைச் சூழ்ந்த ஏலத்தோட்டங்களை எண்ணிப் பார்ப்போம். ஏலம் மரநிழலில் வளரும் பயிர். நிழலில் உழைப்போர்க்கு அச்சமில்லை என்று கருதலாகாது. ஏலக்காய் உலர்த்தும் கூடத்திலோ, வீட்டு அடுப்பிலோ எப்போதோ பட்ட தீப்புண் ஆறித் தழும்பாகியிருக்கும். பல ஆண்டுகள் சென்றபின் அத்தழும்பு வெடித்துப் புண்ணாகி, ஆறாமல் நின்று, ஓரம் தடித்துப் புற்றாக மாறுவதுண்டு. காலில் நெடுநாள் ஆறாதிருக்கும் புண்ணும் அவ்வாறு மாறக்கூடும்.

மற்றொரு வகை மெலனோமா. நிறம் தரும் அணுக்களிலிருந்து பிறக்கும் இது மிகக் கொடியது. கறுத்த தோலினர்க்கு இது பெரும்பாலும் உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தடியிலும் தோன்றுகிறது. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் இந்நோய் இருப்பது 1977-ல் தெரிந்தது. 1981-ல், முப்பத்தாறு வயதில், அவர் மாண்டார்.

ஆகவே நாம் கவனிக்கவேண்டிய அறிகுறிகள் இவை: ஒரு மாதமாகியும் ஆறாத புண், தொட்டால் இரத்தம் கசியும் கட்டி, பழைய தழும்பில் எழும் புதிய புண், ஒருபுறம்போல் மறுபுறம் இராமல், ஓரம் ஒழுங்கற்று, பல நிறங் கலந்து, வளர்ந்துவரும் மறு, அடிபடாமலே நகத்தில் ஓடும் கருங்கோடு. மாதம் ஒருமுறை குளித்தபின் உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் ஆகியவற்றை வெளிச்சத்திற் பார்ப்பது நலம். குனிய இயலாத முதியோர்க்கு வீட்டிலுள்ள இளையோர் பார்த்துச் சொல்லலாம்.

தடுக்கும் வழிகளும் எளியவையே. நாட்பட்ட புண்ணுக்கு முறையான சிகிச்சை செய்து ஆற்றிவிடவேண்டும். மறுவைச் சுண்ணாம்பிட்டும் திராவகமிட்டும் பொசுக்கலாகாது. திறந்த வெளியில் உழைப்போர் நண்பகலிற் தலைக்குத் துணியும், உடலுக்கு முழுக்கைச் சட்டையும் அணிதல் நன்று. பிறவியிலேயே நிறமின்றி வெளுத்த தோலுடைய பிள்ளைகளுக்கு மெலனினின் காப்பு இல்லை. அவர்களை வெயிலினின்று மிகவும் பாதுகாக்கவேண்டும்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்று கூறி அஞ்சுவோர் உளர். அது தவறு. சிறு துண்டெடுத்துச் சோதித்தால்தான் நோய் இன்னதென விளங்கும். தொடக்கத்திலேயே வெட்டி நீக்கினால் தோற்புற்றிற் பெரும்பாலானவை குணமாகும். தாமதமே பரவ இடமளிப்பது. மலைப்பகுதியிலிருந்து செல்லத் தேனியிலும் கோட்டயத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும், 1981-ல் தோன்றிய திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையமும் மேற்சிகிச்சைக்கு உள்ளன.

ஒரு நாட் கூலி போய்விடுமே என்று புண்ணை மறைத்து உழைப்பவர் நம்மிடையே பலர். அந்த ஒரு நாளைச் செலவிடத் தயங்கிக் காலையோ உயிரையோ இழத்தல் தகுமா? வலியில்லை என்று வாளாவிருக்க வேண்டா. தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.